தெருமுனை அரசமரத்தடி நாகாத்தம்மன்: கிரானைட் மேடை கட்டலாமா, மரம் தாங்குமா?

மகிழம்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காலடிப்பேட்டை பக்கத்துல இருக்கோம். எங்க தெருமுனையில ஒரு அரசமரம், அதை அணைச்சபடி ஒரு வேப்பமரம். அடியில ரெண்டு நாகக்கல், ஒரு புத்து, எலுமிச்சம்பழம் குத்தின சூலம். நாகாத்தம்மன்னு கும்பிடுறோம். கூரை கிடையாது, கதவு கிடையாது, உண்டியல் கூட கிடையாது. எங்க மாமியார் கல்யாணம் ஆகி இந்தத் தெருவுக்கு வந்தப்பவே மரம் இதே உசரம்னு சொல்லுவாங்க. அவங்கதான் காலையில தண்ணி தெளிச்சு, கோலம் போட்டு, விளக்கு ஏத்துறாங்க. தனியா பூசாரி இல்ல. ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்துவோம், அன்னிக்கு மட்டும் உடுக்கைக்காரர் வருவார்.

இப்ப ரெண்டு பக்கமும் இடி.

முதல்ல எங்க தெருப் பசங்க. "எத்தினி காலத்துக்கு அம்மன் வெயில்லயும் மழையிலயும் நிக்கும்"னு ஆரம்பிச்சாங்க. ஆடிக்குள்ள மரத்தைச் சுத்தி இடுப்பளவு மேடை, மேல கிரானைட், நாலு பக்கமும் கிரில், ஷீட் கூரை. வசூல் பாதிக்கு மேல முடிஞ்சுது. பேத்தி பொறந்ததுக்கு நேர்த்திக்கடனா கல்லு முழுக்க நான் தர்றேன்னு ஒருத்தர் சொல்லிட்டார். பசங்க கெட்டவங்க இல்ல. கொரோனா சமயத்துல தெரு முழுக்க சோறு போட்டது இவங்கதான். அதனாலேயே இவங்ககிட்ட வேணாம்னு சொல்ல வாய் வரல.

அடுத்தது மழைநீர் வடிகால். ரோட்டுல வெள்ளைச் சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போயிருக்காங்க. அந்தக் கோடு அடிமரத்துல இருந்து நான் கை நீட்டினா எட்டுற தூரத்துல போவுது. வேலை பாக்குற சூப்பர்வைசர் கிட்ட கேட்டேன். "சாமி மரம்மா, அதை யாரு வெட்டுவா? வேரை மட்டும்தான் எடுப்போம், பயப்படாதீங்க"ன்னார். அதைக் கேட்டதுல இருந்துதான் பயமே.

இதுக்கு நடுவுல வேப்பமரம் போன மழைக்கு அப்புறம் நுனியெல்லாம் கருகிப் போச்சு. பங்குனியில கொஞ்சம் துளுத்துச்சு, முழுசா இல்ல. மேடை கட்டாததாலதான் அம்மன் கோவிச்சுக்கிச்சுன்னு ஒரு பேச்சு ஓடுது.

எனக்கு மரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வீட்டுல தையல் மெஷின் போட்டிருக்கேன், ஜன்னலைத் திறந்தா அந்த மரம், அவ்வளவுதான் பழக்கம். திருவொற்றியூர் கோயில்ல மகிழமரத்தை அரசாங்கம், அறநிலையத் துறை, குருக்கள், பக்தர்னு எத்தனையோ பேர் பாத்துக்குறாங்க. மாசித் திருவிழாவுல அந்த மரத்தடிக்குன்னே மகிழடி சேவை நடக்குது. சுந்தரர் சங்கிலியாருக்கு சத்தியம் பண்ணின மரம்னா சும்மாவா. தெருமுனை மரத்துக்கு யாரு? நான் மேடை வேணாம்னு சொன்னா சாமி காரியத்தைத் தடுத்தவன்னு பேர் வரும். சொல்லலன்னா மரம் போயிடுமோன்னு இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

பழைய மேஸ்திரி எழுதியது:

தங்கச்சி, நான் கொருக்குப்பேட்டை. பார்க்குல தோட்ட வேல பாத்து ரிட்டேர் ஆனவன். எழுத்துப் பிழ இருந்தா மன்னிச்சுக்கோ, பேசுறத பேரன் டைப் பண்றான்.

"வேரை மட்டும் எடுப்போம்"னு சொன்னான் பாரு, அதான் கொலகாரப் பேச்சு. கெளய வெட்டு, அரசமரம் மறுபடி துளுத்துக்கும். ஒரு பக்கத்து வேர மொத்தமா எடுத்துட்டா மரம் உடனே சாவாது. ஒண்ணு ரெண்டு வருசம் பச்சையாத்தான் நிக்கும். எல்லாரும் மறந்துடுவாங்க. அப்புறம் ஒரு காத்து வரும். 2016 டிசம்பர்ல வர்தா அடிச்சுச்சே, மறுநாள் மரம் அறுக்கப் போன ஆளு நான். சாஞ்ச மரத்தப் பொரட்டிப் பாத்தா நெறைய மரத்துல ரோட்டுப் பக்கம் வேரே இல்ல. கேபிளுக்கோ குழாய்க்கோ எப்பவோ நோண்டிக்கீறாங்க. காத்து மேல பழி போட்டுட்டோம்.

ஆலமரம் மாரி நெனச்சுக்காத. அடையாறு ஆலமரம் 1989ல நடு மரம் சாஞ்சும் இன்னிக்கு வரைக்கும் நிக்குதுன்னா விழுது தாங்குது. அரசுக்கு அந்த மாரி தூண் விழுது கெடையாது. இருக்குற வேர்தான் அதுக்கு எல்லாம்.

அடுத்து மேட. இதுல ஜனங்களுக்கு ஒரு நெனப்பு: மரத்துக்கு வேரு பாதாளத்துக்குப் போவுது, மேல சிமெண்ட்டு போட்டா இன்னா ஆயிடும்னு. தண்ணியும் சத்தும் உறிஞ்சுற பொடி வேரு எல்லாம் மேல் மண்ணுல ரெண்டு அடிக்குள்ளதான் கீது. கெள எவ்ளோ தூரம் விரிஞ்சுக்கீதோ அதையும் தாண்டி மண்ணுல ஓடும். அந்த வேரு மூச்சு விடணும். மண்ணுக்குள்ள காத்து போவணும். கிரானைட்டு போட்டு மூடிட்டு மேல பாலாபிஷேகம் பண்றது, மூக்கப் பொத்திக்கினு வாயில பிரியாணி ஊட்ற கத.

இடுப்பளவு மேடன்னு சொன்னியே, அதுல இன்னொரு வெவகாரம் கீது. மேட கட்டி உள்ள மண்ண ரொப்புவாங்க. அடிமரம் பட்ட வெளிய காத்துல இருக்கறதுக்குன்னு பொறந்தது. அது மேல ஈர மண்ணு ஒட்டிக்கினே இருந்தா பட்ட அழுவும், பூச்சி ஏறும். கிரில்லு வெச்சீங்கன்னா மரம் பெருக்கப் பெருக்க இரும்ப முழுங்கும். தண்டையார்பேட்டையில ஒரு அம்மன் கோயில்ல கம்பி பாதி மரத்துக்குள்ள போயி மாட்டிக்கிச்சு, எடுக்கவும் முடியல வுடவும் முடியல.

சரி, இன்னா பண்ணலாம். பசங்கள வேணாம்னு சொல்லாத. வேற மாரி கட்டுங்கடான்னு சொல்லு. அடிமரத்தச் சுத்தி தெரு வுடற வரைக்கும் வெறும் மண்ணா வுடணும். ஓரத்துல கருங்கல்லு ஒரு வரிச, சிமெண்ட்டு பூசாம, சும்மா அடுக்குனா போதும். உள்ள இருக்குற மண்ணு எறுகிப் போயிருக்கும். கடப்பாறையால ஒரு அடி ஆழத்துக்கு அங்கங்க குத்தி, அந்தக் குழியில மக்குன எரு போடு. பாத்து குத்தணும், தடி வேரு தட்டுச்சுன்னா தள்ளிக் குத்து. வுழற எலய பெருக்கி கொளுத்தாத, அங்கயே கெடக்கட்டும். அரச எல மக்குனா நல்ல எரு.

வெளக்கு அடிமரத்துல ஒட்டி வெக்கக்கூடாது. பட்டைக்கு அடியிலதான் மரத்தோட உசுரு ஓடுது, சூட்டுல அது வெந்துடும். நாகக்கல்லு முன்னால தனியா வெளக்கு மாடம் வெச்சுக்கலாம். அப்புறம் மரத்துக்கு பொடவ கட்டறோமே, முன்னெல்லாம் பருத்தி. மஞ்ச நூலும் பருத்தி. வெயில் மழையில அதுவா மக்கி வுழுந்துடும். இப்ப நைலான் கவுறு. அது மக்காது. மரம் பெருக்கும்போது இறுக்கி பட்டய அறுத்துடும். ஆடி முடிஞ்சதும் அவுத்து, போன வருசத்து கவுறு எதுனா உள்ள அழுந்திக்கீதான்னு பாரு. எனாமல் பெயிண்ட்டு, சீரியல் லைட்டுக்கு ஆணி, ரெண்டும் வேணாம்.

வடிகாலுக்கு வர்றேன். அடிமரத்தோட குறுக்களவு போல மூணு மடங்கு தூரம், அதுக்குள்ள எந்த வேரையும் தொடவே கூடாது. மூணு அடி குறுக்களவுன்னா ஒம்போது அடி. அதுக்குள்ள தொட்டா மரம் நிக்குற பலமே போயிடும். அதுக்கு வெளியகூட ஜேசிபி வுடக்கூடாது. ஜேசிபி வேர வெட்டாது, பிச்சு இழுக்கும், கிழிசல் அடிமரம் வரைக்கும் ஓடும். ஆள வெச்சு கையால நோண்டணும். வேரு மணிக்கட்டு தடிமனுக்கு மேல இருந்தா வெட்டாம வுட்டுட்டு அதுக்கு அடியில குழாய் செருவணும். வெட்டியே ஆவணும்னா ரம்பத்தால சுத்தமா அறுத்து, குழி மூடுற வரைக்கும் ஈர சாக்கு போட்டு வெக்கணும்.

வேப்பமரத்த நெனச்சு கவலப்படாத. அது அம்மன் கோவம் இல்ல. ஒரு பூஞ்சக் காளானும் தேயிலக் கொசுன்னு ஒரு பூச்சியும் சேந்து பண்ற வேல. மழ, பனிக் காலத்துல நுனி கருகும், வெயில் வந்தா துளுக்கும். தென்னாட்டுல ஊரூருக்கு இப்பிடி கீது. காஞ்ச நுனிய வெட்டி எரிச்சுடு. செத்துப்போச்சுன்னு எவனாவது அடியோட அறுக்க வந்தா வுடாத.

---

சுங்கச்சாவடி எழுதியது:

எல்லாரும் மரத்தைப் பத்தியே பேசுறீங்க. நடைபாதையில போறவன் கதையை யாராவது சொல்லணும் இல்லையா? எங்க ஏரியாவுல இப்படித்தான் ஒரு கல்லுல ஆரம்பிச்சு, மேடை ஆச்சு, கூரை ஆச்சு, இப்ப ஷட்டர் போட்டுப் பூட்டுற அளவுக்கு வந்துட்டுது. எங்கம்மா வாக்கர் வெச்சு நடக்குறவங்க, லாரி போற ரோட்டுல இறங்கித்தான் அதைத் தாண்டிப் போகணும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரி எப்படிப் போகும்னு தெரியும்ல?

நான் நாத்திகன் இல்ல. வடிவுடையம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாம போறவன். மரத்தை வெச்சுக்கோங்க. கட்டடம் எதுக்கு?

---

பாரிமுனை குமாஸ்தா எழுதியது:

சுங்கச்சாவடி நண்பர் கோபத்தில் சொன்னதில்தான் இந்தச் சிக்கலின் சாவி இருக்கிறது. சகோதரி, உங்கள் தெரு இளைஞர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. பொதுத் தெரு, பூங்கா, பொது இடம் எதிலும் புதிதாக அனுமதியில்லாத கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா எதுவும் எழும்பக்கூடாது. ஏற்கெனவே இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து மாநில அரசு முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். இன்றைக்கு அங்கே இருப்பது மரமும் அதனடியில் இரண்டு கல்லும். நாளைக்கு மேடை, கிரில், கூரை வந்துவிட்டால் அது புதுக் கட்டுமானம். யாரோ ஒருவர் மனுப் போட்டால் இடிக்க வருவார்கள். இடிக்க வருகிறவன் கையில் இருப்பது பொக்லைன். அடிமரத்தை ஒட்டிக் கட்டிய மேடையைப் பொக்லைன் இடித்தால் வேருக்கு என்ன ஆகும் என்பதை மேஸ்திரி ஐயா சொல்லிவிட்டார். அம்மனுக்குப் பாதுகாப்பு என்று நினைத்துக் கட்டுகிற கூரைதான் அம்மனையும் மரத்தையும் வழக்கில் இழுத்துவிடும்.

மரமாகவே இருந்தால் சட்டம் உங்கள் பக்கம். அரசு நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்ட, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வேரை அறுப்பதை "வெட்டுதல்" என்று ஒப்பந்ததாரர் நினைப்பதில்லை, அதனால் நீங்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். ஆட்சியருக்கும், மாநகராட்சி முதல் மண்டல அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். மரத்தின் சுற்றளவை நெஞ்சுயரத்தில் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சுண்ணாம்புக் கோடும் அடிமரமும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்கள், நடுவில் டேப் விரித்து வைத்து. 1913-இல் புகார் பதிந்து அந்த எண்ணையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

உங்கள் பகுதி வடிகால் கொசஸ்தலையாறு வடிநிலத் திட்டத்தில் வருகிறதா என்று கேளுங்கள். அதற்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2021-இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அந்த வங்கிக் கடனில் நடக்கும் வேலைக்குச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டமும், மக்கள் புகாரைக் கேட்க ஒரு குறைதீர்ப்பு ஏற்பாடும் கட்டாயம். ஒப்பந்ததாரர் இதற்குக் கொஞ்சம் பயப்படுவார், கவுன்சிலர் சொன்னால் பயப்படுவதை விடவும்.

சிமெண்ட் விஷயத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஒரு வழக்கில், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. டெல்லி மரங்களுக்காகச் சொன்னது அது. மனுவில் எடுத்துக் காட்டுவதில் தவறில்லை.

இன்னொன்று. "கோயில்காடு" என்று தேடினால் உங்களுக்குப் பெரிய பெரிய செய்திகள் கிடைக்கும். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் முதலாவது, 193 ஹெக்டேருக்குச் சற்று மேல். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டை 2025-இல் அறிவித்தார்கள், அது 5 ஹெக்டேர்கூட இல்லை. ராஜஸ்தானில் ஓரண் எனப்படும் கோயில்காடுகளை அளந்து பதிவு செய்யச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாம் நல்ல செய்திதான். ஒற்றை மரத்துக்கு அந்த அறிவிப்பெல்லாம் வராது, அதற்காக அலைந்து நேரத்தை விடாதீர்கள். ஆனால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் ஒரு மேலாண்மைக் குழு வைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். மாநகராட்சியும் உள்ளாட்சிதான். அந்தப் பதிவேட்டில் உங்கள் மரத்தைச் சேர்க்கச் சொல்லி ஒரு வரி மனுவில் போடுங்கள். அரிட்டாபட்டிக்கு அறிவிப்பு வந்த பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பக்கம் வந்தது, ஊர் முழுக்கத் திரண்டு நின்ற பிறகுதான் 2025 ஜனவரியில் ரத்தானது. காகிதத்துக்கு அவ்வளவுதான் பலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காகிதமே இல்லாவிட்டால் அதுவும் கிடையாது.

---

எண்ணூர் வலை எழுதியது:

குமாஸ்தா அண்ணன் கடைசியா சொன்னது கரெக்ட். எங்க கொசஸ்தலை ஆத்து முகத்துவாரத்துக்கு எத்தினி காகிதம் கீதுன்னு கேட்டா தலை சுத்தும். கடலோர ஒழுங்குமுறை விதி, வரைபடம், தீர்ப்பாயம், கமிட்டி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் மழைத் தண்ணியோட எண்ணெய் வந்து ஆத்துல ஏறுச்சு. அலையாத்தி மரத்துக்கு இடுப்பு வரைக்கும் கறுப்பு. எங்க ஆளுங்கதான் மக்குலயும் வாளியிலயும் மொண்டு மொண்டு எடுத்தோம். மாசி மகத்துக்கு சாமிய கடலுக்கு தூக்கினு வர்ற ஊரு, அந்தத் தண்ணியிலதான் வலை போட்டு சோறு திங்கறோம். தண்ணியில காரி துப்பக்கூடாதுன்னு எங்க ஆயா அடிக்கும். துப்பாததுனால இன்னா ஆச்சு? ஆத்த நாறடிச்சவனுக்கு எங்க ஆயாவத் தெரியாது.

அதனால அக்கா, சாமி மரம், எவனும் தொட மாட்டான்னு மட்டும் உக்காந்துக்காதீங்க. நம்ம சாமி நம்ம தெருவுக்குத்தான் சாமி. வெளியில இருந்து வர்றவனுக்கு அது வரைபடத்துல ஒரு புள்ளி, அதுவும் போட்டிருந்தா.

இருந்தாலும் ஒண்ணு சொல்றேன். பழவேற்காட்டுல பாடுன்னு ஒரு முறை கீது. ஏரியில இறா பிடிக்கிற இடத்த சீட்டுப் போட்டு, இன்னிக்கு இந்தக் குப்பம் நாளைக்கு அந்தக் குப்பம்னு முறை வெச்சு வலை கட்டுவாங்க. கவர்மெண்டு போட்ட சட்டம் இல்ல, ஊர்க் கட்டுப்பாடு. மீறுனா ஊருக்குப் பதில் சொல்லணும், அபராதம் கட்டணும். அது இத்தினி காலம் ஓடுதுன்னா, ஊரு கூடி எல்லாருக்கும் முன்னால பேசினதுனாலதான். நீங்க தனியா ஒரு பொம்பளை போயி பசங்ககிட்ட கல்லு வேணாம்னு சொன்னா எடுபடாது. கூழுக்கு முன்னாடி காப்பு கட்டுவீங்கல்ல? அன்னிக்கு ஊரு கூடியிருக்கும். உடுக்கைக்காரர் வாயால, மரத்துல ஆணி அடிக்கக்கூடாது, வேர் மேல சிமெண்ட் போடக்கூடாதுன்னு அம்மன் முன்னால சொல்ல வையுங்க. அப்புறம் கல்லு குடுக்குறவரும் மீற மாட்டார், பசங்களும் மீற மாட்டாங்க. சூப்பர்வைசர் மீறுவான். அவனுக்குத்தான் குமாஸ்தா அண்ணன் சொன்ன பேப்பரு.

---

மகிழம்பூ எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 2009 உத்தரவை நேத்து ராத்திரி பசங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுவிட்டேன். ஒருத்தன் "அக்கா பயமுறுத்துறீங்க"ன்னான். இன்னொருத்தன், கொத்து வேலைக்குப் போறவன், "கூரை வேணாண்டா, மரமே கூரைதான"ன்னு போட்டான். அதுக்குப் பதினஞ்சு பேர் கும்பிடு போட்டிருக்காங்க. கூரை போச்சுன்னு வெச்சுக்கலாம். மேடை இன்னும் போகல.

உடுக்கைக்காரர் யோசனை எங்க மாமியாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. காப்பு கட்டுற அன்னிக்கு சொல்ல வெச்சுடலாம்னாங்க. ஆனா வடிகால்காரங்க ஆடி வரைக்கும் காத்திருப்பாங்களான்னு தெரியல, பக்கத்துத் தெருவுல பள்ளம் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

மேஸ்திரி அண்ணே, ரெண்டு கேள்வி. நேர்த்திக்கடன் சொன்னவர் பாவம், வேற என்ன குடுக்கச் சொல்லலாம்? வாக்கு குடுத்துட்டு செய்யாம விட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு அவங்க வீட்டுல பயப்படுறாங்க. இன்னொண்ணு புத்து. வெள்ளிக்கிழமை ஆனா அக்கம்பக்கத்துல எல்லாரும் பாலும் முட்டையும் உள்ள ஊத்துறாங்க. நாத்தம் தாங்கல, எறும்பு. பாம்பு பால் குடிக்காதுன்னு எங்க பையன் ஸ்கூல்ல படிச்சுட்டு வந்து சொன்னான். எங்க மாமியார் அவனுக்கு அன்னிக்கு பால் குடுக்கல, "உனக்கு மட்டும் எதுக்கு"ன்னுட்டாங்க.

---

பழைய மேஸ்திரி எழுதியது:

உங்க மாமியாருக்கு என் வணக்கத்த சொல்லு.

புத்து கறையான் கட்ற வூடு. பாம்பு அதுல குடியிருக்க வரும். பால ஊத்துனா மண்ணு கரஞ்சு ஓட்ட அடைஞ்சுக்கும். அப்புறம் உள்ள எது இருந்தாலும் வெளிய வேற எடம் தேடிப் போவும், உங்க வூட்டுக்குள்ள கூட. இத மாமியார்கிட்ட சொல்லு, பால் குடிக்காதுன்னு சொல்லாத. நாத்திகம் பேசுறன்னு நெனப்பாங்க. திருவொத்தியூர்ல ஆதிபுரீஸ்வரரே புத்து வடிவம்தான? அங்க பால் ஊத்தறாங்களா? வருசம் பூராவும் கவசம் போட்டு வெச்சு, கார்த்திக பௌர்ணமி ஒட்டி மூணு நாள் மட்டும் தொறந்து புனுகுத் தைலம் சாத்தறாங்க. புத்த நனைக்காம கும்பிடறதுக்கு ஒங்க ஊர்ப் பெரிய கோயிலே வழி காட்டுதுன்னு சொல்லு. புத்துக்கு முன்னால ஒரு கல்லு கிண்ணம் வெச்சு அதுல பால வெய்யி. பூச முடிஞ்சு புள்ளைங்களுக்கு குடுத்துடு. ஒம் புள்ளைக்கும்.

கல்லு குடுக்குறவருக்கு வேல இருக்கு. மரத்த வுட்டுத் தள்ளி, நாகக்கல்லு ரெண்டும் நிக்கற எடத்துல சின்னதா ஒரு பீடம். அதுக்கு ஒரே ஒரு கல்லு போதும். மிச்ச கல்ல சிமெண்ட்டு இல்லாம மணல் மேல, கல்லுக்கும் கல்லுக்கும் நாலு வெரல் எடவெளி வுட்டு, சுத்தி வர்ற பாதைக்கு பாவச் சொல்லு. அமாவாச திங்கக்கெழமையில வந்தா சுத்த வருவாங்கல்ல, அவங்க கால்ல சேறு ஒட்டாது, தண்ணியும் எறங்கும். அரசமரத்தச் சுத்திட்டு அடிவயித்தத் தொட்டுப் பாத்தாளாம்னு கேலி பேசற ஊருதான், இருந்தாலும் சுத்தறவங்க சுத்தத்தான் செய்வாங்க. மண்ணு எறுகாம இருக்க அந்தப் பாத நல்லது. நடைபாதயில போறவங்களுக்கு எடம் வுட்டுப் பாவுங்க, சுங்கச்சாவடி தம்பி அம்மாவும் நடக்கணும்.

இன்னொரு வேல யாருகிட்டயும் கேக்காம இப்பவே பண்ணு. அரசமரத்துக் கெளயில கட்ட வெரல் தடிமன்ல ரெண்டு மூணு போத்து வெட்டி, மண்ணு ரொப்புன பழைய பெயிண்ட்டு டப்பாவுல நட்டு வெய்யி. அடியில ஓட்ட போட்டுக்கோ. நெழல்ல வெச்சு ஈரம் காயாம பாத்துக்கினா துளுத்துடும். ஒரு பள்ளிக்கூடத்துலயோ சுடுகாட்டு ஓரத்துலயோ பெரிய எடமா பாத்து நடலாம். வூட்டு செவுத்துக்குப் பக்கத்துல மட்டும் நட்டுடாத, வேரு செவுத்த பொளந்துடும். அதே மரத்தோட ரத்தம் இன்னொரு எடத்துல இருக்கட்டும்.

பள்ளம் ஆரம்பிச்சுட்டாங்கன்னா மனு போயி சேர்றதுக்குள்ள வேல முடிஞ்சுடும். குமாஸ்தா, நேரா யாரப் பாக்கணும்?

---

பாரிமுனை குமாஸ்தா எழுதியது:

வார்டு உதவிப் பொறியாளர். ஒப்பந்ததாரர் வேலை செய்வது அவர் கையெழுத்தில்தான், வடிகாலை ஓரிரு அடி விலக்கிப் போடவோ மரத்தருகே குழாயாக மாற்றவோ வரைபடத்தைத் தொடக்கூடியவரும் அவர்தான். மனு ஆட்சியருக்குத் தபாலில் போகட்டும். அதன் நகலை எடுத்துக்கொண்டு நாளைக் காலை நேரில் போங்கள், தனியாகப் போகாதீர்கள். மாமியாரையும், "மரமே கூரைதான" என்று எழுதிய அந்தத் தம்பியையும் கூட்டிப் போங்கள். கொத்து வேலை தெரிந்தவன் பேசினால் பொறியாளர் காது கொடுப்பார். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அங்கே "சாமி" என்று ஆரம்பிக்க வேண்டாம். மரத்தின் சுற்றளவு, கோட்டுக்கும் அடிமரத்துக்கும் உள்ள தூரம், மரம் சாய்ந்தால் எந்த மின்கம்பத்தின் மேல் விழும், எந்த வீட்டின் மேல் விழும் என்பதைச் சொல்லுங்கள்.

---

மகிழம்பூ எழுதியது:

மரம் சாஞ்சா டிரான்ஸ்பார்மர் மேலதான் விழும். இதை நான் யோசிக்கவே இல்ல. டேப் தையல் டேப்தான் இருக்கு, அஞ்சு அடிக்கு மேல வராது, அதை ரெண்டு தடவை வெச்சு அளந்துக்குறேன். நாளைக்குப் போயிட்டு வந்து எழுதுறேன்.